பகலில் நாயை யார் பார்ப்பது?

பகல் நேரத்தில் நாய் ஊளையிட்டால் யாழ்ப்பாணத்தில் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். ஊளை நல்ல சகுனம் இல்லை, யமன் வருவது நாயின் கண்ணுக்குத் தெரியும் என்று ஆச்சிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு கல் பறக்கும், இல்லாவிட்டால் ஒரு வாளி தண்ணீர். ஆனால் கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்து ஒழுங்கைகளில் காலை ஏழு மணிக்குப் பிறகு எழும் ஊளையைக் கொஞ்சம் கவனித்தால் யமனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது விளங்கிவிடும். வீட்டு மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டிச் சில நிமிடங்களில் அது தொடங்குகிறது. சனி, ஞாயிறில் கேட்பதில்லை. பள்ளிக்கூட விடுமுறைக் காலத்திலும் கேட்பதில்லை.

மிருக வைத்தியர்கள் இதைப் பிரிவுப் பதற்றம் என்பார்கள். தான் ஒட்டிக்கொண்ட ஆள் கண்ணிலிருந்து மறைந்ததும் நாய்க்கு வரும் பீதி இது. குரைப்பு, ஊளை, மார்பு நனைய வழியும் வீணீர், வீட்டுக்குள்ளே மூத்திரம், ஒரே தடத்தில் ஓயாத நடை, வைத்த சோறு அப்படியே கிடத்தல் என்று பல வடிவங்களில் அது வெளிப்படும். கடைசியாகச் சொன்னது முக்கியமானது. மீன்தலைக்கு உயிரை விடுகிற நாய், ஆள் போனதும் அதைத் திரும்பியும் பாராமல் கிடந்தால் அதன் உடல் பயத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். பயந்த உடல் சமிபாட்டை ஒத்திவைத்துவிட்டு ஓடுவதற்கு ஆயத்தமாகும். பசி தானாக அடங்கிவிடும். சேதம் எங்கே நடந்திருக்கிறது என்பதும் ஒரு தடயம். பொழுது போகாத நாய் செருப்பைக் கடிக்கும், தலையணையைக் கிழிக்கும். பீதி கொண்ட நாய் வாசற்கதவின் கீழ்ப்பலகையையும் யன்னல் சட்டத்தையும் நகம் பிய்ந்து இரத்தம் வரும்வரை பிறாண்டும். ஆள் போன வழி அதுதானே.

மாலையில் வந்த வீட்டுக்காரர் கதவைப் பார்க்கிறார். நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்குகிறது. "செய்தது பிழையெண்டு அதுக்கே தெரியுது பார்" என்று இரண்டு அடி விழுகிறது. இந்த இடத்தில்தான் ஊரெல்லாம் வழுக்கி விழுகிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவைத்த பண்டத்தோடு நாயை விட்டுவிட்டு உரிமையாளர் வெளியே போனார். திரும்பி வந்தவரிடம், நாய் உண்மையில் தின்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ ஆய்வாளர் தன் விருப்பப்படி சொன்னார். குற்றமுள்ள முகம் பிழை செய்ததைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் ஏசியதைப் பொறுத்து வந்தது. ஒரு பாவமும் செய்யாமல் ஏச்சு வாங்கிய நாய்கள்தான் கூடப் பதுங்கின. கதவைப் பிறாண்டிய நாய்க்கு மாலையில் கிடைக்கும் அடி, ஆள் திரும்பி வருவதையும் பயத்துக்குரிய ஒன்றாக்கிவிடுகிறது. மறுநாள் ஊளை கூடும்.

பிரிவின் அழுகை மூளையின் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்பதற்கு 1978இல் ஒரு நல்ல தடயம் கிடைத்தது. நரம்பியலாளர் யாக் பாங்க்செப்பும் சக ஆய்வாளர்களும், தனியே விடப்பட்டுக் கத்திக்கொண்டிருந்த நாய்க்குட்டிகளுக்கு மிகச் சிறிய அளவு மோர்பின் கொடுத்துப் பார்த்தார்கள். கத்தல் தணிந்தது. உடம்பு நோவை ஆற்றுகிற அதே இரசாயனப் பாதையில் பிரிவின் நோவும் பயணிக்கிறது என்பது பாங்க்செப்பின் முடிவு. பாலூட்டிக் குட்டிக்குத் தாயை விட்டுப் பிரிவது சாவுக்குச் சமம். எனவே பிரிவை வலியாக உணரும் மூளைதான் தப்பிப் பிழைத்தது. மனிதனோடு வாழ வந்த நாய் அந்தப் பழைய வயரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. தாயின் இடத்தில் மனிதனை வைத்துக்கொண்டது.

இதைச் சோதனையில் காட்டியவர்கள் ஹங்கேரியர்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை அளக்க மேரி ஐன்ஸ்வேர்த் என்ற உளவியலாளர் ஒரு முறையை வகுத்திருந்தார். பழக்கமில்லாத ஓர் அறை, ஓர் அந்நியர், தாய் வெளியே போவது, பிறகு திரும்பி வருவது என்று சில நிமிடக் காட்சிகளாக அது அமைந்திருக்கும். புடாபெஸ்ட் நகரில் யோசெப் தோப்பாலும் ஆடாம் மிக்லோசியும் மற்றவர்களும் அதே முறையை 51 நாய்களிலும் அவற்றின் உரிமையாளர்களிலும் பிரயோகித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஆள் இருந்தபோது நாய்கள் அறையைத் துருவிப் பார்த்தன, விளையாடின. ஆள் போனதும் கதவடியில் போய் நின்றன. அந்நியர் எவ்வளவு கூப்பிட்டும் அந்தக் கதவை விட்டு முழுதாக விலகவில்லை. தவழும் குழந்தைகள் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

எல்லா நாய்க்கும் இந்தப் பிணைப்பு உண்டு. எல்லா நாய்க்கும் பதற்றம் வருவதில்லை. பின்லாந்தில் 13,700 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், சத்தத்துக்குப் பயப்படும் நாய்கள் 32 சதவீதம். பிரிவோடு தொடர்பான தொல்லை உள்ளவை 20இல் ஒன்று அளவில்தான். யாருக்கு வருகிறது? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளனிகனும் டொட்மனும் பிரிவுப் பதற்றமுள்ள 200 நாய்களின் விபரங்களை 2001இல் அலசினார்கள். ஒரே ஒரு வளர்ந்தவர் மட்டும் இருக்கும் வீட்டு நாய்க்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டரை மடங்கு. செல்லம் கொடுத்ததற்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை. கட்டிலில் படுக்கவிட்டதால்தான் நாய் கெட்டது என்று மாமியார் சொன்னால், மருமகள் இந்த ஆய்வை எடுத்துக் காட்டலாம்.

இத்தாலியிலிருந்து 2011இல் வந்த ஓர் ஆய்வு யாழ்ப்பாணத்துக்கு இன்னும் நெருக்கமானது. 30 முதல் 40 நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளையும் இரண்டு மாதம் கழித்துப் பிரிக்கப்பட்ட குட்டிகளையும் பியெரான்தோனியும் மற்றவர்களும் ஒப்பிட்டார்கள். மொத்தம் 140 நாய்கள். முந்திப் பிரிந்தவற்றில் ஓயாத குரைப்பு, பயம், பொருள்களைக் கடித்துச் சேதமாக்குவது எல்லாம் கூடுதலாகத் தென்பட்டன. இங்கே குட்டி கைமாறும் வயது பெரும்பாலும் அந்த ஒரு மாதம்தான். நக்கிக் குடிக்கத் தொடங்கிவிட்டதா, யாராவது கேட்டால் தூக்கிக் கொடு என்பதே வழக்கம். பெட்டைக்குட்டி என்றால் அதற்கும் முன்பே சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விடப்பட்டுவிடும். இரக்கப்பட்டு எடுத்து வளர்க்கிறவர் அந்தக் குட்டியின் முதல் பிரிவையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டு வருகிறார்.

பிறகு 2020 வந்தது. மார்ச் 20ஆம் திகதி மாலை போடப்பட்ட ஊரடங்கு, வீட்டிலுள்ள எல்லோரையும் நாள்முழுக்க நாயோடு அடைத்து வைத்தது. 2022இல் பெற்றோல் வரிசை. அந்த ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லப்பட்டார்கள், வெள்ளிக்கிழமைகளில் தோட்டம் செய்ய விடுமுறை விடப்பட்டது. இந்தக் காலங்களில் பிறந்த குட்டிக்கு ஆள் இல்லாத பகல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தனிமை ஒரு திடீர்ச் செய்தியாக வரும்போது அதைத் தாங்கும் பழக்கம் அதற்கு வாய்த்திருக்கவில்லை.

முந்தைய தலைமுறை நாய்க்கு இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் நாயின் குணம் மாறியது என்று சொல்ல முடியாது. மாறியது வளவு. கிடுகுவேலி போட்ட வளவில் நாயைத் தனியே விடுவதற்கு வழியே இருக்கவில்லை. விறாந்தையில் அப்பு, குசினியில் ஆச்சி, பின்வளவில் மாமி. வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதற்குள்ளால் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேயும் ஒரு வாய் தின்றுவிட்டு மத்தியானம் திரும்பி வரும். ஒரு நாய்க்கு நான்கு வீட்டு ஆட்களைத் தெரியும். இப்போது அந்த இடத்தில் ஏழடி மதிலும் இரும்புக் கேற்றும். கணவன் வங்கியில், மனைவி பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன். மதில் கள்ளனைத் தடுக்கிறது, கூடவே நாயின் ஊர் உலகத்தையும் மூன்று பரப்புக்குள் சுருக்கிவிட்டது.

வைத்தியம் உண்டு. பொறுமை வேண்டும். நியூசிலாந்தில் பட்லர், சார்ஜிசன், எலிஃப் என்ற மூவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 8 நாய்களுக்குப் படிப்படியான பழக்கம் கொடுத்தார்கள், எட்டும் தேறின. வழி எளியது, சலிப்பூட்டுவது. ஹெல்மெட்டை எடுப்பது, திறப்பைக் குலுக்குவது, பிறகு வெளியே போகாமல் கதிரையில் வந்து இருப்பது. நாய் அதைப் பொருட்படுத்தாமல் விடும் வரை அதுவே பாடம். அடுத்து கதவுக்கு வெளியே ஐந்து விநாடி. பிறகு பத்து. பிறகு ஒரு நிமிடம். நாய் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வந்துவிட வேண்டும். பாடத்தின் அளவு ஐந்து நிமிடத்தில் இருக்கும் நாயை, திங்கட்கிழமை வேலை என்று ஏழு மணித்தியாலம் தனியே விட்டால் அதுவரை கட்டியது அத்தனையும் இடியும்.

ஆகவே பகல் பராமரிப்பு என்பது இந்த நோயில் ஆடம்பரம் ஆகாது. முறிந்த கைக்குப் பரியாரி பத்துப் போட்டு மட்டை வைத்துக் கட்டுகிறார். எலும்பைப் பொருத்துவது மட்டை இல்லை, ஆனால் மட்டை இல்லாமல் எலும்பு பொருந்தாது. பகலில் ஆள் துணை செய்வதும் அந்த வேலையே. நாய் தன் எல்லைக்கு மேல் தனித்திருக்க நேராமல் அது பார்த்துக்கொள்ளும். பழக்கும் வேலை மாலையிலும் வார இறுதியிலும் நடக்கும். இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. செலவு காலத்துக்கும் தொடர்வதில்லை. ஐந்து நிமிடம் தாங்கிய நாய் ஒரு மணித்தியாலம் தாங்கத் தொடங்கும்போது துணைக்கு வேண்டிய நேரமும் குறைந்து வரும்.

கடும் பதற்றத்துக்கு மருந்தும் இருக்கிறது. குளோமிபிரமின் என்ற மருந்து நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென அமெரிக்காவில் 1998இலும், புளுவொக்செற்றின் 2007இலும் அனுமதி பெற்றன. இரண்டும் வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும், இரண்டும் பழக்கத்தோடு சேர்த்தே கொடுக்கப்படும். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கி அரைவாசி உடைத்துக் கொடுப்பது வேறு விடயம், ஆபத்தான விடயம். உடல் அசையாமல் கிடக்க, பயம் உள்ளே அப்படியே இருக்கலாம்.

தீபகற்பத்தில் எங்கே போவது? பிரதேச செயலகப் பிரிவுகள் தோறும் அரச கால்நடை வைத்தியப் பணிமனைகள் இருக்கின்றன. அவற்றின் நாள் பெரும்பாலும் மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் கழிகிறது. நாட்டின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். வெளிநாட்டு நகரங்களில் இருப்பதுபோல் காலையில் விட்டு மாலையில் கூட்டிவரும் நாய்ப் பராமரிப்பு நிலையம் ஒன்றை இங்கே தொடங்கினால், காணி, மதில், ஊழியர் சம்பளம், தண்ணீர், வைத்தியர் என்று கணக்குப் போட்டு வரும் கட்டணத்தை ஓர் ஆசிரியரின் சம்பளம் தாங்காது. தாங்கினாலும், இருபது நாய்கள் குரைக்கும் கொட்டகை பயந்த நாய்க்கு ஏற்ற இடமா என்பது வேறு கேள்வி.

ஆனையிறவுப் பக்கம் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்கள் சரணாலயம் ஒன்றை நடத்துகிறது. அறக்கட்டளையின் நிறுவனர் ஆறு. திருமுருகனின் அந்த முயற்சி ஆதரவற்ற நாய்களுக்கானது. வீட்டு நாயின் ஊளை தாங்காமல் அதைக் கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கலாம் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். பிரிவைத் தாங்க முடியாததே நோயாக இருக்கும் நாய்க்கு நிரந்தரப் பிரிவை மருந்தாகக் கொடுப்பது அது. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்குரிய இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

மலிவான வழி என்று ஊர் வழமையாகக் கையிலெடுப்பவை மூன்று. முதலாவது சங்கிலி. நாயை வாகனமாகக் கொண்ட வைரவருக்கு ஒழுங்கைக்கு ஒரு கோயில் வைத்திருக்கும் ஊரில், மாமரத்தடியில் இரண்டு முழச் சங்கிலியில் வாழ்ந்து முடிகிற நாய்களும் ஒழுங்கைக்கு ஒன்று இருக்கின்றன. யேர்மனி நாயைச் சங்கிலியில் கட்டி வளர்ப்பதைத் தடைசெய்துவிட்டது. பீதியில் ஓட முனையும் நாய்க்குச் சங்கிலி கழுத்தை அறுக்கும். இரண்டாவது கூடு. பழக்காமல் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல் உடையும். மூன்றாவது, பார்க்க நல்லெண்ணமாகத் தெரிவது: துணைக்கு இன்னொரு நாய்.

அந்த மூன்றாவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் டூபரும் மைக்கல் ஹெனெசியும் மற்றவர்களும், ஆண்டுக்கணக்காக ஒரே கூட்டில் சோடியாக வாழ்ந்த நாய்களைப் புதிய இடமொன்றுக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் அழுத்தத்தின் அளவைக் காட்டும் ஓர்மோன் தனியே நின்ற நாயிலும் ஏறியது; கூட்டாளி நாயோடு நின்றபோதும் ஏறியது. வழமையாகப் பராமரிக்கும் மனிதர் பக்கத்தில் இருந்தபோது மட்டும் ஏறவில்லை. 1996இல் வெளியான இந்த முடிவுதான் இந்த விடயத்தில் மிகப் பெறுமதியானது. பதறும் நாய்க்கு வேண்டியது ஆள். கட்டடம், விளையாட்டுச் சாமான், இரண்டாவது நாய் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த ஆள் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டுமா? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது வளவுகளில் நாய்கள் நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் சொல்லும் கதைகளில் காத்துக் கிடந்த நாயும் உண்டு, வேறு ஆளோடு சேர்ந்துவிட்ட நாயும் உண்டு. முதற் கதையை ஊர் கண்ணீரோடு சொல்லும். இரண்டாவதை நன்றிகேடு என்று ஒதுக்கிவிடும். அறிவியலுக்கு இரண்டாவதுதான் சுவையானது. ஹங்கேரியின் மார்த்தா காச்சியும் மற்றவர்களும் காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்களோடு ஒருவரைப் பழகவிட்டார்கள். அடுத்தடுத்த மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம். பிறகு அதே ஐன்ஸ்வேர்த் சோதனையை வைத்தபோது அந்த நாய்கள் அவரைத் தங்கள் ஆளாகவே நடத்தின. மொத்தம் அரை மணித்தியாலப் பழக்கம் அதற்குப் போதுமாக இருந்தது. இது 2001இல்.

எப்படிப் பழகுவது என்பதற்குக் கொல்கத்தாவில் ஒரு குறிப்பு இருக்கிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறது. 2017இல் வெளியான அவர்களின் ஆய்வில், அந்நியர் ஒருவர் சில நாய்களுக்கு மேலதிகமாகத் தீனி கொடுத்தார், சிலவற்றைத் தடவிக் கொடுத்தார். நாள் செல்லச் செல்லத் தடவிக் கொடுக்கப்பட்ட நாய்களே அவரைக் கூட நம்பின. பிஸ்கற் பைக்கற்றோடு வருகிறவரை விட, திண்ணையில் இருந்து காதைச் சொறிந்துவிடுகிறவர் நல்ல காவலர்.

இனி ஊரைப் பார்க்கலாம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் முதியவர்கள் தீபகற்பத்தில் எத்தனையோ பேர். வாசலில் கமரா பூட்டி, அம்மா விழுந்தாரா எழும்பினாரா என்று பிள்ளை கனடாவிலிருந்து பார்க்கிறது. அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு நாய் ஆள் இல்லாமல் ஊளையிடுகிறது. இரண்டு வெறுமைகளுக்கும் இடையில் நிற்பது ஒரு மதில்.

லண்டனில் ரிக்கே ரோசன்லுண்ட் என்ற பெண் 2012இல் தொடங்கிய சேவை இந்தச் சேர்க்கையைத்தான் செய்தது. நாய் வைத்திருப்பவரையும், நாய்மேல் ஆசையிருந்தும் வைத்திருக்க முடியாதவரையும் அயலுக்குள்ளேயே சேர்த்துவிடுவது அதன் வேலை. பார்த்துக்கொள்பவர் தன் பொழுதுக்காகப் பார்த்துக்கொள்கிறார். நாளுக்கு இத்தனை என்று காசு கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கு இதற்குச் செயலி எதுவும் வேண்டியதில்லை. பொட்டு இருந்த காலத்தில் நடந்ததை கேற் வழியாக மறுபடி நடத்தினால் சரி.

நேரக் கணக்கைச் சரியாகப் போட்டால் சுமை நினைப்பதை விடச் சிறியது. பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. வீட்டில் ஒருவர் ஆசிரியராக இருந்தால், ஆள் இல்லாத நேரம் காலை ஏழு முதல் பகல் இரண்டு வரை. கணவனுக்கோ மனைவிக்கோ முறைமாற்று வேலை என்றால் கிழமையில் ஓரிரு நாள் அதிலும் கழியும். மிச்சமிருக்கும் மூன்று நான்கு காலைகளுக்குத்தான் ஆள் தேட வேண்டும். சுவீடனில் பகலில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்று விதி இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் நாய்க்கு நாளாந்தம் மனிதத் தொடர்பு கிடைப்பது சட்டம். இரண்டு விதியையும் அங்கே வாழும் நம்மவர்கள் கடைப்பிடிக்கிறார்கள்.

காசு விடயத்தில் கூச்சம் கூடாது. ஓய்வுபெற்ற ஒருவர் நாள்தோறும் காலை முழுக்க நாயோடு இருந்தால், சும்மா வாங்கும் உதவி மூன்று மாதத்தில் கசந்துவிடும். நாய்க்கும் அவருக்கும் மத்தியானச் சாப்பாடு, மருந்து வாங்கிக் கொடுப்பது, கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவது, மின்கட்டணத்தைக் கட்டிவிடுவது என்று ஏதாவது ஒரு கைமாறு இருக்க வேண்டும். காசாகக் கொடுப்பதாக இருந்தால் முதல் நாளே தொகையைப் பேசிவிடுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் உறவு முறிவது கூடுதலாகப் பேசாமல் விட்ட கணக்கால்தான்.

ஆள் நாயின் வீட்டுக்கு வருவதா, நாய் ஆளின் வீட்டுக்குப் போவதா? நாய்க்குத் தெரிந்த இடம் என்பதால் முதலாவது நல்லது. ஆனால் வீட்டுத் திறப்பை இன்னொருவரிடம் கொடுக்க நகை வைத்திருக்கும் வீடு யோசிக்கும், அது நியாயமும்கூட. அப்படியென்றால் விறாந்தை வரைக்கும் திறந்து கொடுக்கலாம். நாய் ஆளின் வீட்டுக்குப் போவதாக இருந்தால், முதல் சில நாள் உரிமையாளரும் கூட இருக்க வேண்டும். காச்சியின் ஆய்வு சொன்ன அரை மணித்தியாலத்தை அந்த நாள்களில் தேடிக்கொள்ளலாம். உரிமையாளரின் பழைய சாரமோ சேலையோ ஒன்றும் கூடப் போகட்டும்.

பார்க்க வேண்டியவை சில உண்டு, இவற்றில் தளர்வு கூடாது. விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். குட்டியென்றால் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளும். உண்ணி ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்கு நாய் முதுகில் ஏறிப் போகும், அதோடு உண்ணிக் காய்ச்சலும் போகும். பாய்ந்து இழுக்கும் ஜேர்மன் ஷெப்பர்டை எழுபது வயதுக்காரரிடம் கொடுப்பது நாய்க்கு நல்லது, அவரின் இடுப்பெலும்புக்கு நல்லதில்லை. பெரிய நாயென்றால் நடத்திக் கூட்டிப்போகும் வேலையை வீட்டுக்காரரே காலையில் முடித்துவிட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் சீமெந்து முற்றம் அடுப்பாகும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். வேப்பமர நிழலும் தண்ணீரும் முதல் நிபந்தனை. பிரிவுப் பதற்றமுள்ள நாய்களில் பலவற்றுக்குச் சத்தப் பயமும் சேர்ந்தே இருக்கும். ஒழுங்கைக் கோயிலில் திருவிழா நடக்கும் நாள்களிலும், ஐப்பசி, கார்த்திகை இடிமழை நாள்களிலும் புதிய ஏற்பாட்டைத் தொடங்க வேண்டாம்.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: நாய்க்கு வந்திருப்பது பிரிவுப் பதற்றமா என்று பார்ப்பது. வெளிநாட்டிலிருந்து யாராவது அனுப்பிய பழைய ஃபோன் எல்லா வீட்டு லாச்சியிலும் கிடக்கும். அதை விறாந்தைப் பக்கம் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு வெளியே போனால், முதல் அரை மணித்தியாலமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 2,757 நாய்களின் தரவை அலசிய லிங்கன் பல்கலைக்கழகத்துக் குழு 2020இல் காட்டியதுபோல், தனியே விட்டால் கத்தும் நாய்களெல்லாம் ஒரே காரணத்தால் கத்துவதில்லை. சிலவற்றுக்கு வெளியே போக வேண்டும் என்ற எரிச்சல். சில, வெளியே கேட்கும் சத்தத்துக்குப் பதில் சொல்கின்றன. சிலவற்றுக்குப் பொழுது போகவில்லை. பொழுது போகாத நாய்க்குக் காலையில் ஒரு நீண்ட நடையும் கடிக்க ஓர் எலும்பும் கிடைத்தாலே ஆறுதல். அந்த வீடியோவை மிருக வைத்தியரிடம் காட்டினால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

ஆளை எங்கே தேடுவது என்பதுதான் கடைசிச் சிக்கல். 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நாய்கள் உள்ளூராட்சி மன்றத்தில் பதியப்பட வேண்டியவை. சுகாதாரத் துறை விசர்நாய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறது. ஓர் ஒழுங்கையில் நாய் வைத்திருக்கும் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது அநேகமாக அந்த ஊசி நாளில் மட்டுமே. அடுத்த முறை முகாமுக்கு நாயைக் கொண்டுபோகிறவர்கள் ஊசி முடிந்த கையோடு வீட்டுக்குத் திரும்பிவிடாமல், பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டு நான்கு ஃபோன் நம்பர்களை வாங்கிக்கொள்ளுங்கள்.